காப்டன் நாற்காலி – பகுதி 6: லியோனில் மூன்று நாட்கள்

சென்ற வாரம் யானிக் நோவா மட்டையைக் கீழே வைத்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

கேமரூனின் யாவுண்டே நகரில் 1971ல் 11 வயதுப் பையன் நோவாவின் ஆட்டத்தை அமெரிக்க வீரர் ஆர்தர் ஆஷ் பார்த்தார். பிரெஞ்சு டென்னிஸ் நிர்வாகி ஃபிலிப் ஷாத்ரியேவுக்குத் தகவல் சொன்னார். பையன் நீஸ் நகருக்கு வந்து சேர்ந்தான். 1983ல், 23 வயதில், மாட்ஸ் விலாண்டரை மூன்றே செட்களில் தோற்கடித்துப் பிரெஞ்சு ஓபனை வென்றான். 1946க்குப் பிறகு ஒரு பிரெஞ்சுக்காரர் அந்தக் கோப்பையைத் தொட்டது அப்போதுதான். அதன் பிறகு முழங்கால் வலி, புகழின் சுமை, இன்னொரு பெரிய பட்டம் வராமலே போன ஆண்டுகள். எல்லாம் பார்த்தோம்.

1991ல் அவருக்குப் புதிய வேலை ஒன்று கிடைத்தது. பிரான்ஸின் டேவிஸ் கோப்பை காப்டன். மைதானத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் ஒரு நாற்காலிதான் அந்த வேலையின் அலுவலகம்.

*

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் விம்பிள்டனோ பிரெஞ்சு ஓபனோ, ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆட்டக்காரர் தனி ஆள். பயிற்சியாளர் பார்வையாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கலாம். வாய் திறந்து யோசனை சொல்லக் கூடாது. கை ஜாடை காட்டினாலும் தப்பு.

டேவிஸ் கோப்பை விதிவிலக்கு. நாட்டுக்கு நாடு மோதும் போட்டி என்பதால் அணிக்கு ஒரு காப்டன் உண்டு. அவர் ஆடுகளத்துக்குள்ளேயே உட்காரலாம். பக்கம் மாறும் இடைவேளைகளில் ஆட்டக்காரரோடு பேசலாம். ஒவ்வொரு இடைவேளையும் 90 விநாடி. வியர்வை துடைக்கவும் தண்ணீர் குடிக்கவும் போக மிச்சமிருப்பது ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டென்னிஸ் காப்டனின் கலை முழுவதும் அந்த ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலையும் இருக்கிறது. யார் ஆடுவது என்று முடிவு செய்வது. லியோன் கதையில் நிஜமான திருப்பம் அங்கேதான் நடந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

*

கிரெனோபிள், நவம்பர் 1982.

டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டம். பிரான்ஸ், அமெரிக்கா. எதிரணியில் ஜான் மெக்கன்ரோ. வேகமான தரையில் அவரை அசைக்க முடியாது என்பதால், உள்ளரங்கத்துக்குள் செம்மண்ணைக் கொட்டி ஆடுகளம் அமைத்தது பிரான்ஸ். அப்போது வீட்டுக்காரருக்கு அந்த உரிமை இருந்தது.

முதல் ஆட்டமே நோவாவுக்கும் மெக்கன்ரோவுக்கும். முதல் செட் 12-10 என்று மெக்கன்ரோ பக்கம் போனது. அடுத்த இரண்டு செட்களை நோவா 6-1, 6-3 என்று எடுத்தார். இன்னும் ஒரே ஒரு செட். அரங்கம் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு செட் வரவேயில்லை. 6-2, 6-3 என்று முடித்துவிட்டுப் போனார் மெக்கன்ரோ. இரண்டாம் நாள் இரட்டையர் ஆட்டத்தில் நோவாவும் 19 வயது ஆன்ரி லெகோந்தும் சேர்ந்து தோற்றார்கள். கோப்பை அன்றைக்கே கைநழுவியது.

எதிரணி காப்டன் நாற்காலியில் அன்று உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? ஆர்தர் ஆஷ். யாவுண்டேயில் அந்தப் பையனைக் கண்டெடுத்த அதே ஆஷ். காப்டன் நாற்காலி என்றால் என்ன என்பதை நோவா முதன்முதலில் உரைத்துப் பார்த்தது, தன் வாழ்க்கையைத் திறந்துவிட்ட மனிதர் தனக்கு எதிரே அதில் உட்கார்ந்திருந்தபோதுதான். இப்படி ஒரு காட்சியை எந்தக் கதாசிரியரும் துணிந்து எழுத மாட்டார். மிகையாக இருக்கிறது என்று அடித்துவிடுவார்.

*

1991க்கு வருவோம்.

பிரான்ஸ் கடைசியாக டேவிஸ் கோப்பையை வென்றது 1932ல். ‘மஸ்கெட்டியர்கள்’ என்று பெயர் வாங்கிய நால்வர், லக்கோஸ்த், கோஷே, பொரோத்ரா, புருய்ன்யோன், 1927 முதல் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். பாரிஸின் ரோலண்ட் காரோஸ் அரங்கமே அந்தக் கோப்பையைத் தக்கவைக்கும் ஆட்டங்களுக்காக 1928ல் கட்டப்பட்டதுதான். 1933ல் ஃப்ரெட் பெர்ரியின் பிரிட்டன் வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. போனது போனதுதான்.

59 ஆண்டுகள். நால்வரில் லக்கோஸ்தும் பொரோத்ராவும் மட்டும் உயிரோடு இருந்தார்கள். லக்கோஸ்துக்கு வயது 87. பொரோத்ராவுக்கு 93.

நோவாவின் அணி அந்த ஆண்டு இஸ்ரேலை எளிதாகத் தாண்டியது. ஆஸ்திரேலியாவிடம் 3-2 என்று தப்பிப் பிழைத்தது. அரையிறுதியில் எதிரே வந்தது யூகோஸ்லாவியா. அந்த நாடே அப்போது உடைந்துகொண்டிருந்தது. அணியும் சிதைந்துதான் வந்தது. 5-0. அந்த வெற்றியை வைத்து யாரும் எதையும் கணிக்க முடியாது.

இறுதி ஆட்டம் நவம்பர் 29 முதல் டிசம்பர் 1 வரை. இடம் லியோன் நகரின் ஜெர்லான் உள்ளரங்கம். மஸ்கெட்டியர்களில் ஒருவரான ஆன்ரி கோஷே பிறந்தது லியோனை ஒட்டிய வில்லுர்பானில். அவருடைய அப்பா லியோனில் ஒரு டென்னிஸ் கிளப்பைப் பராமரித்தவர். பந்து பொறுக்கிப் போட்டு ஆட்டம் கற்றுக்கொண்ட பையன் அவர். கோஷே 1987ல் காலமாகிவிட்டார். நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்தால் பார்த்திருப்பார்.

எதிரணி? மறுபடியும் அமெரிக்கா. கையில் கோப்பையோடு வந்த நடப்பு வெற்றியாளர். ஒற்றையருக்கு 21 வயது ஆந்த்ரே அகாசி, 20 வயது பீட் சாம்ப்ராஸ். இரட்டையருக்கு கென் ஃப்ளாக், ராபர்ட் செகூசோ. காப்டன் டாம் கோர்மன். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபனை வென்ற ஜிம் கூரியரைக் களத்தில் இறக்கத் தேவையே இல்லாத அளவுக்கு ஆள் வளம்.

பிரான்ஸ் பக்கம் கேள்விக்கே இடமில்லாத ஒரே பெயர் கீ ஃபோர்ஜே. ஆங்கிலத்தில் வாசித்தால் ‘மறந்துவிடு’ என்று வரும் பெயர். அந்த ஆண்டில் அவரை மறக்க யாராலும் முடியவில்லை. ஆறு பட்டங்கள். உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர்.

இரண்டாவது ஒற்றையர் யார்?

*

உலகத் தரவரிசையில் 159.

ஆன்ரி லெகோந்த் அந்த நேரத்தில் நின்ற இடம் அது. வயது 28. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் உலகின் ஐந்தாம் இடத்தில் இருந்தவர். முதுகு கெட்டது. அந்த ஆண்டிலேயே முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. படுக்கையிலிருந்து எழுந்து மாதக்கணக்குதான் ஆகியிருந்தது. வெளியே போய் ஆடிய போட்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதுகைவிடப் பெரிய காயம் ஒன்றும் இருந்தது.

1988 பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டத்துக்கு வந்தார் லெகோந்த். நோவாவுக்குப் பிறகு இன்னொரு பிரெஞ்சுக்காரர் என்று பாரிஸ் கூடி நின்றது. விலாண்டர் 7-5, 6-2, 6-1 என்று துவைத்துப் போட்டார். தோற்றதைப் பாரிஸ் மன்னித்திருக்கும். பரிசளிப்பில் ஒலிபெருக்கியைப் பிடித்து அவர் பேசினார் பாருங்கள், தன் ஆட்டத்தை இனியாவது நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்கிற தொனியில், அதைத்தான் கூட்டத்தால் பொறுக்க முடியவில்லை. சொந்த ஊர்க் கூட்டம் விசிலடித்துக் கூச்சல் போட்டது. அதற்குப் பிறகு லெகோந்த் என்றாலே பிரான்ஸில் ஒரு கசப்பு. திறமை உண்டு, தலைக்கனமும் உண்டு, நம்ப முடியாத ஆள்.

இந்த ஆளைத்தான் நோவா இறக்கினார்.

தரவரிசையில் லெகோந்துக்கு மேலே பிரெஞ்சுக்காரர்கள் பலர் இருந்தார்கள். காலிறுதியில் ஆடிய இளைஞர் ஃபாப்ரிஸ் சாந்தோரோ இருந்தார். இளம் கால், கெடாத முதுகு. எந்தக் குழுவிடம் கொடுத்திருந்தாலும் வேறு பெயரைத்தான் எழுதியிருக்கும்.

நோவா ஏன் இப்படிச் செய்தார்? பிரான்ஸில் இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்கள்: நோவா ஒரு மந்திரவாதி, ஆளைப் பார்த்தே உள்ளே இருக்கும் நெருப்பைக் கண்டுபிடித்துவிடுவார். நட்பும் இதில் இருந்தது என்பது உண்மை. இருவரும் சேர்ந்து 1984 பிரெஞ்சு ஓபன் இரட்டையரை வென்றவர்கள். கிரெனோபிளில் சேர்ந்து தோற்றவர்கள். அணி என்றால் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தவர் நோவா. அந்தக் குடும்பத்துக்குள் லெகோந்த் தேவைப்பட்டார்.

மந்திரம் என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி. கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. இந்தத் தொடரை எழுதுபவருக்கு அந்தக் கணக்கில்தான் ருசி.

*

அப்போது டேவிஸ் கோப்பை இறுதியில் ஐந்து ஆட்டங்கள். மூன்றை வென்றால் கோப்பை. நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர். இரு பக்கமும் இரண்டிரண்டு ஒற்றையர் ஆட்டக்காரர்கள். ஒவ்வொருவரும் எதிரணியின் இருவரோடும் ஒருமுறை மோதினார்கள்.

அப்படியானால் சாம்ப்ராஸை இரண்டு முறை வீழ்த்தி, இரட்டையரையும் எடுத்துவிட்டால்? மூன்று. அகாசியை வெல்லவே வேண்டாம்.

ஃபோர்ஜே, லெகோந்த் இருவருமே இடதுகைக்காரர்கள். ஆடுகளம் உள்ளரங்கக் கம்பளம். அதில் பந்து அதிகம் எழாது. தாழ்வாக, வழுக்கிக்கொண்டு ஓடும். இடதுகைக்காரர் பக்கவாட்டில் வெட்டி அடிக்கும் செர்வ், எதிரே வலதுகைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கத்தில் விழுந்து, மேலும் வெளியே விலகிப் போகும். 40-30, 30-40, அட்வான்டேஜ் என்று ஆட்டத்தின் உயிர்நிலைப் புள்ளிகளில் பெரும்பாலானவை செர்வ் செய்யப்படுவது அந்தப் பக்கத்துக்குத்தான். இரண்டு கைகளாலும் பேக்ஹேண்ட் அடிக்கும் அகாசி, செர்வைத் திருப்பி அடிப்பதில் உலகிலேயே கெட்டிக்காரர். அவரிடம் இந்த வித்தை பலிக்காது. சாம்ப்ராஸோ ஒரு கை பேக்ஹேண்ட் ஆள்.

போதாக்குறைக்கு ஃபோர்ஜே அந்த ஆண்டு சாம்ப்ராஸை இரண்டு இறுதி ஆட்டங்களில் தோற்கடித்திருந்தார். சின்சினாட்டியில் ஒன்று. லியோனுக்குச் சில வாரங்களுக்கு முன் பாரிஸ் பெர்சியில், அதே மாதிரிக் கம்பளத்தில், ஐந்து செட் ஆட்டத்தில் இன்னொன்று.

இன்னும் ஒன்று: 19 வயதில் அமெரிக்க ஓபனை வென்ற சாம்ப்ராஸ் அதுவரை டேவிஸ் கோப்பையில் ஆடியதேயில்லை. முதல் ஆட்டமே இறுதி ஆட்டம், அதுவும் எதிராளியின் ஊரில், எதிராளியின் கூட்டத்துக்கு நடுவே.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதிவிட வேண்டும். ஃபிராங்ஃபுர்ட்டில், உலகின் தலைசிறந்த எட்டுப் பேர் மோதும் ஆண்டிறுதிப் போட்டியைச் சற்று முன்புதான் சாம்ப்ராஸ் வென்றிருந்தார். அதுவும் உள்ளரங்கம்தான். அவரிடம் போய் 159ஆம் எண் முதுகுவலிக்காரரை நிறுத்துவது... நோவா தோற்றிருந்தால் பிரெஞ்சுப் பத்திரிகைகள் என்ன எழுதியிருக்கும் என்று யோசித்தாலே போதும்.

*

வெள்ளிக்கிழமை.

முதலில் ஃபோர்ஜே, அகாசி. முதல் செட்டை டைபிரேக்கில் ஃபோர்ஜே எடுத்தார். கூட்டம் எழுந்தது. அதோடு சரி. அடுத்த மூன்று செட்களையும் அகாசி 6-2, 6-1, 6-2 என்று அள்ளிக்கொண்டு போனார். பிரான்ஸின் நம்பர் ஒன் ஆட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்.

0-1.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அரங்கம் கனத்துக் கிடக்கிறது. அடுத்துக் களம் இறங்குவது லெகோந்த். அவர் தோற்றால் 0-2. சனிக்கிழமை இரட்டையரோடு கதை முடிந்துவிடும், கிரெனோபிள் மாதிரியே. ஓரத்து நாற்காலியில், சடைமுடியோடு, 31 வயது நோவா. மூன்று ஆண்டுகளுக்கு முன் லெகோந்தைப் பார்த்து விசிலடித்த நாடு, இப்போது அவருடைய பெயரைச் சொல்லிக் கத்துகிறது.

லெகோந்துக்கு இழக்க எதுவுமில்லை என்று பிறகு எல்லோரும் எழுதினார்கள். அது சரியில்லை. அவருக்கு இழக்க நிறைய இருந்தது. 1988க்குப் பிறகு இப்படி ஒரு வாய்ப்பு திரும்ப வராது என்பது அவருக்குத் தெரியாதா?

அவர் ஆடினார். எப்படி ஆடினார் என்றால், வழக்கமாக லெகோந்த் ஓர் ஆட்டத்தில் பத்து அற்புதம் காட்டி, பதினைந்து பிழை செய்வார். அன்றைக்கு அற்புதங்கள் வந்தன, பிழைகள் வரவில்லை. சாம்ப்ராஸின் இரண்டாவது செர்வுக்காகக் காத்திருந்து பாய்ந்தார். வலையை நோக்கி ஓடினார். ஒவ்வொரு நல்ல பந்துக்கும் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பதிலுக்கு அவரைத் தூக்கியது. பக்கம் மாறும்போதெல்லாம் நோவா அருகிலிருந்தார்.

6-4.

7-5. இந்த இரண்டாவது செட்தான் பெரியது. அது மட்டும் சாம்ப்ராஸ் பக்கம் சாய்ந்திருந்தால், நீண்ட ஆட்டத்தை அந்த முதுகு தாங்கியிருக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

6-4.

மூன்றே செட். நவம்பர் 29, 1991 அன்று உலகின் 159ஆம் எண் ஆட்டக்காரர், ஆண்டிறுதிப் போட்டியின் வெற்றியாளரை ஒரு செட்கூடக் கொடுக்காமல் தோற்கடித்தார். 1-1.

*

சனிக்கிழமை, இரட்டையர். இங்கே ஒரு பழைய பாக்கி இருந்தது.

1985 அமெரிக்க ஓபன் இரட்டையர் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் நோவா, லெகோந்த். மறுபக்கம் இதே ஃப்ளாக், இதே செகூசோ. ஆளுக்கொரு செட். மூன்றாவது செட் டைபிரேக். பிரெஞ்சு ஜோடிக்கு செட்டை முடிக்கும் புள்ளி. பந்து வெளியே போய் விழுந்தது. போகிற போக்கில் ஃப்ளாக்கின் நீண்ட தலைமுடியை உரசிவிட்டுத்தான் போனது என்று பிரெஞ்சு ஜோடி முறையிட்டது. விதிப்படி, பந்து ஆளின் மேல், முடியின் மேல் பட்டாலும்கூட, புள்ளி எதிரணிக்குத்தான். நடுவர் ஏற்கவில்லை. ஃப்ளாக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. செட் போனது. மனம் வெறுத்த பிரெஞ்சுக்காரர்கள் நான்காவது செட்டை 6-0 என்று தாரை வார்த்தார்கள்.

ஒரு முடியால் போன கோப்பை அது.

லியோனில் அந்த நால்வரில் மூவர் மறுபடியும் களத்தில். நான்காமவர் நாற்காலியில். நோவாவின் இடத்தில் ஃபோர்ஜே. ஃப்ளாக்கும் செகூசோவும் இந்த ஆறு ஆண்டுகளில் இரண்டு முறை விம்பிள்டனையும் 1988 சியோல் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்று வந்தவர்கள். சேர்ந்து ஆடிப் பழகிய ஜோடி. ஃபோர்ஜேவோ முந்தின நாள் அகாசியிடம் அடி வாங்கியவர். லெகோந்தின் முதுகுக்கு ஓய்வு ஓர் இரவுதான்.

முதல் செட் 6-1. இரண்டாவது 6-4. மூன்றாவது செட்டை அமெரிக்கர்கள் 6-4 என்று பறித்தபோது பழைய பேய் எட்டிப் பார்த்தது. நான்காவது செட் 6-2. பிரான்ஸ் 2, அமெரிக்கா 1.

இந்த வெற்றியில் லெகோந்தைவிட ஃபோர்ஜேவுக்குத்தான் லாபம் என்று தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை உடைந்துபோனவர் சனிக்கிழமை ஒரு தோளில் சாய்ந்து எழுந்து நின்றார். அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை அவர் எப்படிக் களம் இறங்கியிருப்பார்?

*

ஞாயிறு, டிசம்பர் 1.

ஃபோர்ஜே, சாம்ப்ராஸ். கணக்குப் போட்டபடியே மூன்றாவது புள்ளிக்கான கதவு திறந்திருந்தது. ஃபோர்ஜே தவறவிட்டால் கடைசி ஆட்டம் லெகோந்துக்கும் அகாசிக்கும். இரண்டு நாள் ஓடிக் களைத்த முதுகு, செர்வைத் தின்று ஏப்பம் விடும் அகாசிக்கு எதிரே. பிரான்ஸில் யாரும் அதைப் பார்க்க விரும்பவில்லை.

ஃபோர்ஜே மென்மையான மனிதர். அழகான செர்வ், அழகான வாலி, ஆனால் பெரிய மேடையில் கை நடுங்கும் என்ற பெயரும் அவருக்கு உண்டு. லெகோந்தை நோவா தட்டிக்கொடுத்து அடக்க வேண்டும். ஃபோர்ஜேவை உலுக்கி எழுப்ப வேண்டும். இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு மருந்து, 90 விநாடி.

முதல் செட் மறுபடியும் டைபிரேக். ஃபோர்ஜே எடுத்தார். வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் தொடங்கியது என்பது அரங்கில் எல்லோருக்கும் நினைவிருந்தது. இரண்டாவது செட்டை சாம்ப்ராஸ் 6-3 என்று எடுத்ததும் அந்த நினைவு கனக்கத் தொடங்கியது.

இந்த முறை சரிவு வரவில்லை. அந்த இடதுகை செர்வ் வெளியே வெளியே விலகிக்கொண்டேயிருந்தது. சாம்ப்ராஸின் பேக்ஹேண்ட் அதைத் துரத்திக்கொண்டேயிருந்தது. மூன்றாவது செட் 6-3. நான்காவது செட் 6-4.

கடைசிப் பந்து முடிந்ததும் ஃபோர்ஜே தரையில் விழுந்தார். நோவா ஓடினார். அணி முழுவதும் அவர்கள் மேல் போய் விழுந்தது. 3-1. 59 ஆண்டுகள் கழித்துக் கோப்பை பிரான்ஸுக்கு வந்தது. லெகோந்த், அகாசி ஆட்டம் நடக்கவேயில்லை, தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை டென்னிஸ் அதற்கு முன் பார்த்ததில்லை. நோவா அந்த ஆண்டுதான் பாடகராகவும் இறங்கியிருந்தார். ‘சாகா ஆஃப்ரிகா’ என்று ஒரு பாட்டு. அது அரங்கத்தில் ஒலிக்க, காப்டன் முன்னால் ஆட, அணி பின்னால் வரிசை கட்டி ஆட, ஆடுகளம் ஆட்டக்களமானது. வெள்ளை உடை, மெல்லிய கைதட்டல், ஆட்டம் முடிந்ததும் ஒரு கைகுலுக்கல் என்று வளர்ந்த விளையாட்டுக்குள், யாவுண்டேயின் இடுப்பசைவு புகுந்தது. பிரான்ஸில் ஒரு தலைமுறைக்கு டேவிஸ் கோப்பை என்றால் இன்றும் நினைவுக்கு வருவது அந்த நடனம்தான். ஸ்கோர் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

*

அந்த இரவு எல்லாப் புகழும் காப்டனுக்குப் போனது. ஒரு பந்துகூட அடிக்காத மனிதர். 1982ல் பந்தடித்து முடியாததை, 1991ல் உட்கார்ந்து முடித்தவர்.

ஆனால் விளையாட்டு அட்டவணை யாருக்கும் காத்திருப்பதில்லை. 1992 டேவிஸ் கோப்பை சில வாரங்களிலேயே தொடங்கிவிட்டது. அதே காப்டன், அதே நாற்காலி. பிரான்ஸ் முதல் சுற்றைத் தாண்டியது. கால் இறுதியில் எதிரே ஸ்விட்சர்லாந்து. அமெரிக்கா அல்ல, ஆஸ்திரேலியாகூட அல்ல. யாக்கோப் லாசெக், மார்க் ரோசே என்று இரண்டே பேரை நம்பி வந்த ஒரு சின்ன அணி.

பிரான்ஸ் தோற்றது. லியோனில் நடனமாடி நான்கு மாதம்கூட நிறையவில்லை.

நோவா நாற்காலியை விட்டு எழுந்துபோனார். 1993ல் வேறொருவர் அதில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டு ஃப்ரெஜுஸ் நகரின் செம்மண்ணில் பிரான்ஸை 3-2 என்று வெளியேற்றியது இந்தியா. ஐந்தாவது ஆட்டத்தில் கடைசி ஆணியை அடித்தவர் நம் சென்னைக்காரர் ரமேஷ் கிருஷ்ணன். அந்த மூன்று நாட்களைத் தனியாக ஒரு பகுதியில் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் 1992ன் அந்த வசந்த காலத்துக்குப் போக வேண்டும். லியோனில் ஓர் உடைந்த முதுகுக்காரரையும், ஒரு நடுங்கும் கைக்காரரையும் எழுப்பி நிறுத்திய அதே ஒரு நிமிடப் பேச்சு, ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் முன்னால் ஏன் வேலை செய்யவில்லை?

(அடுத்த வாரம்)